ஒரு டன்னைத் தூக்க எத்தனை மீட்டர் சங்கிலி?

“கத்தரிக்கோல் எந்த வகை நெம்புகோல்?” என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள் பலர் “முதல் வகை” என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளையிடம், தடித்த அட்டையை வெட்டும்போது ஏன் அதைக் கத்தரியின் நுனியில் வைக்காமல் நடு ஆணிக்குப் பக்கத்தில் தள்ளி வைக்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசிப்பார்கள். கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராது.

நெம்புகோல், கப்பி, பற்சக்கரம் மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகவே படிக்கிறோம். நெம்புகோலில் மூன்று வகை, கப்பியில் நிலையானது ஒன்று நகர்வது ஒன்று, பற்சக்கரத்தில் ஓட்டுவது ஒன்று ஓடுவது ஒன்று. டியூஷனில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதும் உண்டு. என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் ஆகக் குறைவாகப் பயன்படுவது அந்த வகைப்பாடுதான். எந்தக் கருவியைப் பார்த்தாலும் ஒரே கேள்வி போதும்: நான் கை வைத்த முனை எவ்வளவு நகர்ந்தது, சுமை எவ்வளவு நகர்ந்தது?

ஒன்றரை மீட்டர் கடப்பாரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து 10 செண்டிமீட்டர் தள்ளி அடியில் ஒரு கட்டையை வைத்து நெம்புகிறீர்கள். கட்டைக்கு அந்தப் பக்கம் 10 செண்டிமீட்டர், கைப்பக்கம் 140. அதாவது 14 மடங்கு. 30 கிலோ பளுவுக்குச் சமமாக அழுத்தினால் மறுமுனையில் 420 கிலோ கல் அசையும். ஆனால் அந்தக் கல் 2 செண்டிமீட்டர் எழும்ப, உங்கள் கை 28 செண்டிமீட்டர் இறங்கியாக வேண்டும். 14 மடங்கு வலிமை வந்தது, 14 மடங்கு தூரம் போனது. விசையையும் தூரத்தையும் பெருக்கினால் இரண்டு பக்கமும் ஒரே தொகை. இயற்பியலில் அதற்குப் பெயர் வேலை. அதைக் கூட்டித் தரும் கருவி உலகத்தில் இல்லை.

சிராங்கூன் சாலை நாணயமாற்றுக் கடையில் சிங்கப்பூர் வெள்ளியைக் கொடுத்து ரூபாய் வாங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். நோட்டுகளின் எண்ணிக்கை கூடும், மதிப்பு கூடாது, கடைக்காரர் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்வார். இங்கே அந்தப் பங்கை எடுப்பது உராய்வு.

நிற்க ஓர் இடம் கொடுங்கள், பூமியையே அசைத்துக் காட்டுகிறேன் என்று ஆர்க்கிமிடீஸ் சொன்னதாக ஒரு கதை உண்டு. சொல்லியிருந்தால் தப்பில்லை, ஆனால் தூரத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பூமியின் நிறை கிலோவில் சுமார் 6 போட்டு 24 பூச்சியம். 60 கிலோ மனிதர் ஒருவர் தன் முழு எடையையும் போட்டு அழுத்துகிறார் என்றால் கோலின் இரு கைகளுக்கும் இடையே 1 போட்டு 23 பூச்சியம் மடங்கு வித்தியாசம் வேண்டும். பூமி ஒரு மில்லிமீட்டர் நகர்வதற்கு, அவர் பிடித்திருக்கும் முனை ஏறத்தாழ 10,000 ஒளியாண்டு தூரம் போயாக வேண்டும். நெம்புகோல் விதி சரியாகத்தான் இருக்கிறது. போய்ச் சேரத்தான் ஆள் இருக்கமாட்டார்.

சரி, எல்லாக் கருவியும் வலிமையைக் கூட்டித் தருவதற்காகவா இருக்கிறது? இல்லை. வெற்றிலை பாக்குத் தட்டில் கிடக்கும் பாக்குவெட்டி கூட்டித் தருகிறது. ஒரு முனையில் கீல், மறுமுனையில் கை, நடுவில் பாக்கு. படகுத்துறையில் மாலை நேரத்தில் வரிசையாக நிற்கும் தூண்டில்காரர்களைப் பாருங்கள், அவர்கள் கையில் இருப்பதும் நெம்புகோல்தான், ஆனால் நேர் எதிர். ஒரு கை தூண்டிலின் அடியைப் பிடித்திருக்கும், இன்னொரு கை அரை மீட்டருக்குள் மேலே. நுனியோ இரண்டரை மீட்டருக்கு அப்பால். மேல் கை கொஞ்சம் அசைந்தால் நுனி ஐந்து மடங்கு வீசி எழும்புகிறது, மீனும் ஐந்து மடங்கு கனக்கிறது. இங்கே வலிமையைக் கொடுத்து வேகம் வாங்குகிறார்கள்.

நம் முழங்கையும் அந்த ரகம்தான். புஜத்துத் தசை முன்கையில் ஒட்டும் இடம் முழங்கை மூட்டிலிருந்து சுமார் 4 செண்டிமீட்டர். உள்ளங்கை சுமார் 35 செண்டிமீட்டர் தள்ளி. ஷெங் சியோங் பேரங்காடியில் வாங்கிய 5 கிலோ அரிசி மூட்டையைக் கையில் ஏந்தி முன்கையைக் கிடையாக வைத்திருந்தால், உள்ளே தசை 40 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறது. உடம்பு இப்படி நஷ்டக் கணக்கில் கட்டப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. தசையால் வெகுதூரம் சுருங்க முடியாது. ஒரு செண்டிமீட்டர் சுருங்கினாலே கை ஒன்பது செண்டிமீட்டர் நகரும் என்பதால்தான் நம்மால் பந்தை எறிய முடிகிறது.

இந்த ஊரில் நெம்புகோலைப் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம், சன்னலைத் திறந்தால் போதும். வானத்தை வெட்டி நிற்கும் கோபுரப் பாரந்தூக்கிகள் எல்லாம் நெம்புகோல்கள்தாம். ஓ லெவல் இயற்பியலில் வரும் திருப்புத்திறன் (சுமையை, அது தாங்குபுள்ளியிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்கிய தொகை) பாடம் அங்கே நிஜமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. நீளக் கை ஒரு பக்கம், கான்கிரீட் பாளங்கள் தொங்கும் குட்டைக் கை மறுபக்கம், நடுவில் கம்பம். சுமையைக் கம்பத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் தூக்குகிறோம் என்பதுதான் இங்கே எல்லாம். தளத்தில் இருக்கும் நம் ஆட்கள் அதை ரேடியஸ் என்பார்கள். 15 மீட்டர் ரேடியஸில் 12 டன் தூக்கும் பாரந்தூக்கி என்று வைப்போம். பெருக்கினால் 180. அதே 180ஐ 60 மீட்டருக்குப் பங்கிட்டால் 3 டன். உண்மையில் அந்த 3 டன்னும் முழுதாகக் கிடைக்காது. கொக்கி, அதைச் சுமந்து ஓடும் தள்ளுவண்டி, இரும்புக் கயிறு எல்லாமே அதே 60 மீட்டரில் போய்த் தொங்குவதால் அவற்றின் எடையையும் கழிக்க வேண்டும். பாரந்தூக்கியில் ஒட்டியிருக்கும் லோடு சார்ட் என்ற அட்டவணை இந்தக் கழித்தலை எல்லாம் முன்கூட்டியே செய்து வைத்த கணக்கு. “இது 12 டன் கிரேன்” என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி “எந்த ரேடியஸில்?” என்பதாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் பாரந்தூக்கி வேலைக்கு லிஃப்டிங் சூப்பர்வைசர், சுமையைக் கட்டும் ரிக்கர், சிக்னல்மேன் என்று தனித்தனியாகப் பயிற்சி பெற்றவர்கள் இருக்க வேண்டும் என்று 2011இல் வந்த விதிமுறை கேட்பதும் சும்மா இல்லை. தூக்கும்போது சரியாக இருந்த சுமை, வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும்போது வழியிலேயே அதிகச் சுமையாக மாறிவிடும். எடை ஒரு கிராம்கூடக் கூடியிருக்காது.

வீட்டின் அறைகளைத் தொழிற்கூடத்திலேயே முழுசாகச் செய்து கொண்டுவந்து அடுக்கும் முறை இங்கே பரவிய பிறகு இந்தக் கணக்கு இன்னும் இறுகிவிட்டது. அப்படி ஓர் அறைக்கூடு 20 டன்னைத் தாண்டக்கூடும். அதைக் கட்டடத்தின் தூரத்து மூலையில் வைப்பதற்காகவே பெரிய பாரந்தூக்கியைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

பின்பக்கத்துக் கான்கிரீட் பாளங்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முழுச் சுமையையும் ஈடுகட்டும் அளவுக்கு அவற்றை வைப்பதில்லை. அப்படி வைத்தால் கொக்கி காலியாக இருக்கும்போது கம்பம் பின்பக்கமாக அளவுக்கு மீறி வளையும். அதனால் ஏறத்தாழ பாதியை ஈடுகட்டுகிறார்கள். காலியாக இருக்கையில் பாதி அளவு பின்னால் சாயும், முழுச் சுமையில் பாதி அளவு முன்னால் சாயும். இந்தப் ‘பாதி’யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு மின்தூக்கியிலும் வரும்.

கப்பிக்கு வருவோம். ஊர்க் கிணற்றின் மேல் கட்டியிருக்கும் ஒற்றைக் கப்பி சுமையைக் குறைக்கவே குறைக்காது. 10 கிலோ வாளிக்கு 10 கிலோவும் கொஞ்சம் உராய்வும் சேர்த்து இழுத்தாக வேண்டும். அது தரும் ஒரே சௌகரியம், குனிந்து மேலே இழுப்பதற்குப் பதிலாக நிமிர்ந்து கீழே இழுக்கலாம், உடம்பின் எடையையும் கூடப் போடலாம். கப்பி சுமையோடு சேர்ந்து நகரும்போதுதான் ஆதாயம் தொடங்குகிறது. கயிற்றின் ஒரு முனையை மேலே கட்டிவிட்டு, கயிற்றைச் சுமையில் மாட்டிய கப்பிக்கு அடியில் சுற்றி இழுத்தால், சுமையை இரண்டு கயிறுகள் ஆளுக்குப் பாதியாகத் தாங்குகின்றன. கைக்குப் பாதிதான். பதிலுக்கு, சுமை ஒரு மீட்டர் ஏற இரண்டு பக்கக் கயிறும் ஒவ்வொரு மீட்டர் குறைய வேண்டும், ஆக இரண்டு மீட்டர் இழுக்க வேண்டும்.

கட்டுமானத் தளத்தில் இதை ‘ஃபால்’ என்று எண்ணுகிறார்கள். கொக்கிக் கட்டையைத் தாங்கி நிற்கும் கயிறுகள் இரண்டு என்றால் டூ ஃபால், நான்கு என்றால் ஃபோர் ஃபால். கோபுரப் பாரந்தூக்கிகள் பலவற்றில் இதை மாற்றிக்கொள்ளலாம். சின்னச் சுமைகளை விறுவிறுவென்று ஏற்ற இரண்டு, கனமான தூண்களுக்கு நான்கு. நான்குக்கு மாற்றினால் கயிற்றில் விழும் இழுவை பாதியாகும், கொக்கி ஏறும் வேகமும் பாதியாகும். மோட்டார் அதேதான், கயிறும் அதேதான்.

அப்படியானால் பத்து, இருபது என்று கப்பிகளைச் சேர்த்துக்கொண்டே போகலாமே? போகலாம், உராய்வு விட்டால். ஒவ்வொரு கப்பியிலும் 5 விழுக்காடு போகிறது என்று வைத்தால், பத்துக் கப்பிகளைத் தாண்டியபின் போட்ட உழைப்பில் 60 விழுக்காடுதான் மிஞ்சும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் மின்தூக்கியும் அடிப்படையில் ஒரு கப்பிதான். மேலே ஒரு பெரிய சக்கரம், அதன்மேல் இரும்புக் கயிறுகள், ஒரு பக்கம் நாம் ஏறும் கூண்டு, மறுபக்கம் யாரும் பார்க்காத எதிர்ப்பளு. கூண்டு 1,200 கிலோ, ஏற்றிச்செல்லும் அளவு 1,000 கிலோ என்று வையுங்கள். எதிர்ப்பளு சுமார் 1,700 கிலோ இருக்கும். கூண்டின் எடை முழுதும், அப்புறம் ஆட்களின் எடையில் பாதி. கூண்டு காலியாக இருந்தால் எதிர்ப்பளு 500 கிலோ கனம், நிறைந்திருந்தால் கூண்டு 500 கிலோ கனம். எதிர்ப்பளு இல்லாவிட்டால் மோட்டார் 2,200 கிலோவை இழுக்க வேண்டும். இப்போது ஆக மோசமான நேரத்திலும் 500 கிலோதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விடியற்காலையில் நீங்கள் ஒருவராக மேலே போகும்போது மோட்டார் உங்களைத் தூக்குவதில்லை. எதிர்ப்பளு கீழே இறங்கிக்கொண்டு உங்களை மேலே இழுக்கிறது, மோட்டார் அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. தனியாளாகக் கீழே வரும்போதுதான் மோட்டாருக்கு வேலை, எதிர்ப்பளுவை மேலே ஏற்ற வேண்டும். மோட்டார் தடுக்கும் நேரத்தில் வீணாகும் ஆற்றலை மின்சாரமாக மாற்றித் திருப்பி எடுக்கும் மின்தூக்கிகளும் வீவகவின் புதிய வீடுகள் சிலவற்றில் இருக்கின்றன.

இன்னொன்று. கயிறு அந்தச் சக்கரத்தில் கட்டப்படவில்லை, பள்ளத்தில் பதிந்து உராய்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. பயப்பட வேண்டாம், அதுவே ஒரு பாதுகாப்பு. எதிர்ப்பளு அடித்தளத்தைத் தொட்டுவிட்டால் கயிறு தொய்யும், பிடி விட்டுப்போகும், சக்கரம் சும்மா சுற்றும். கூண்டை உச்சிக் கூரையில் கொண்டுபோய் மோதவைக்க மோட்டாரால் முடியாது.

பற்சக்கரம் என்பது ஓயாமல் சுற்றும் நெம்புகோல். ஒவ்வொரு பல்லும் ஒரு சின்னக் கடப்பாரை, ஒன்று விலகும்போது அடுத்தது வந்து நெம்புகிறது. 12 பல் சக்கரம் 48 பல் சக்கரத்தை ஓட்டினால் பெரியது ஒருமுறை சுற்ற சின்னது நான்குமுறை சுற்ற வேண்டும். பெரியதன் அச்சில் நான்கு மடங்கு முறுக்கு கிடைக்கும். நேரடியாகக் கடித்துக்கொள்ளும் இரண்டு சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒரே திசை வேண்டுமென்றால் நடுவில் மூன்றாவது ஒன்றைச் செருகலாம், அதற்கு எத்தனை பல் இருந்தாலும் விகிதம் மாறாது. பொறியாளர்கள் 20க்கு 40 என்று வட்டமான எண்களைத் தவிர்த்து, 17க்கு 40 என்பதுபோல ஒட்டாத எண்களாகப் பல் வைப்பதையும் பார்க்கலாம். 20க்கு 40 என்றால் ஒரு குறையுள்ள பல் எப்போதும் எதிரிலிருக்கும் அதே இரண்டு பற்களையே இடித்துத் தேய்க்கும். 17க்கு 40 என்றால் எல்லாப் பற்களோடும் முறைபோட்டு மோதும், தேய்மானம் பரவிவிடும்.

பூங்கா இணைப்புப் பாதைகளில் ஓடும் மடக்கு மிதிவண்டியில் பற்சக்கரக் கணக்கு முழுசாக இருக்கிறது. சக்கரம் சின்னது, விட்டம் 20 அங்குலம், ஒரு சுற்றுக்குச் சுமார் 1.5 மீட்டர் ஓடும். பெரிய வண்டியின் சக்கரம் சுமார் 2.1 மீட்டர் ஓடும். அப்படியானால் மடக்கு வண்டிக்காரர் வேகமாக மிதித்துச் சாக வேண்டுமே? தேவையில்லை. முன்னால் 48 பல், பின்னால் 12 பல் வைத்துவிட்டால் ஒரு மிதிச்சுற்றுக்குப் பின்சக்கரம் நான்குமுறை சுற்றும், வண்டி 6 மீட்டர் போகும். பெரிய வண்டியில் 40க்கு 14 போதும், அதுவும் அதே 6 மீட்டர்தான். சின்னச் சக்கரத்தில் குறைந்ததைப் பல் எண்ணிக்கையில் ஈடுகட்டிவிட்டார்கள்.

கால் எவ்வளவு நகர்ந்தது? மிதிக்கட்டையைத் தாங்கும் தண்டின் நீளம் 17 செண்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.07 மீட்டர். கால் ஒரு மீட்டர், வண்டி ஆறு மீட்டர். ஆக, மிதிவண்டியும் தூண்டில்காரர் பக்கம் நிற்கும் கருவிதான், வலிமையைக் கொடுத்து தூரம் வாங்குகிறது. சமதரையில் அது லாபம். மவுண்ட் ஃபேபர் ஏற்றத்தில் போய்ப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ, 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் சரிவு என்றால், பின்னால் சரியாமல் இருக்கவே 7.2 கிலோ அளவுக்கு முன்தள்ளல் வேண்டும். 6 மீட்டர் கியரில் அதற்குக் கால் சுற்று முழுதும் சராசரியாக 40 கிலோ அளவுக்கு மிதிக்க வேண்டும். பின்னால் 24 பல் சக்கரத்துக்கு மாற்றினால் ஒரு மிதிச்சுற்றுக்கு 3 மீட்டர்தான் போகும், ஆனால் 20 கிலோ போதும். மலை அதே உயரம்தான், மிதிக்கும் எண்ணிக்கை இரண்டு மடங்கு.

நெம்புகோல், கப்பி, பற்சக்கரம் மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் துவாஸ், ஜூரோங் பக்கத்துக் கப்பல் பட்டறைகளில் தொங்கும் செயின் பிளாக்கைத்தான் காட்டுவேன். மின்சாரம் கிடையாது. ஒல்லியான ஒருவர் தொங்கும் கைச்சங்கிலியை இழுத்து இழுத்து ஒரு டன் வால்வை மேலே ஏற்றுவார். கையில் தேவைப்படும் இழுவை ஏறத்தாழ 30 கிலோ. உராய்வே இல்லாவிட்டால் 33 மடங்கு விகிதம் போதும். உராய்வு இருப்பதால் விகிதம் 40ஐத் தொட வேண்டியிருக்கிறது. வால்வு ஒரு மீட்டர் ஏற, அவர் கை வழியாக 40 மீட்டர் சங்கிலி ஓடுகிறது. உள்ளே கைச்சங்கிலிச் சக்கரம் பெரியது, சுமைச் சங்கிலிச் சக்கரம் சின்னது, அது நெம்புகோல். நடுவில் இரண்டு கட்டமாகப் பற்சக்கரங்கள். கொக்கியில் ஒரு கப்பியைச் சேர்த்துச் சங்கிலியை இரட்டையாக்கினால் இன்னும் பாதி.

இதைவிட எனக்குப் பிடித்த விஷயம், கையை விட்டால் வால்வு ஏன் கீழே விழுவதில்லை என்பது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வெஸ்டன் என்பவர் கண்டுபிடித்த பழைய மாதிரியில் உராய்வே அந்த வேலையைச் செய்தது. ஏற்றும்போது போட்ட 100 பங்கு உழைப்பில் 40தான் சுமைக்குப் போகிறது, 60 உராய்வில் கரைகிறது என்று வையுங்கள். சுமை தானாக இறங்க வேண்டுமென்றால் தன்னிடம் உள்ள 40ஐ வைத்து வழியில் நிற்கும் உராய்வுக்கு 60 கட்ட வேண்டும். கையில் காசு போதாது, அப்படியே நிற்கும். பாதிக்கு மேல் வீணாகும் கருவி பின்னோக்கி ஓடாது. விலை கூடுதல்தான். இப்போதைய செயின் பிளாக்குகளில் அவ்வளவு வீணடிப்பதில்லை. உள்ளே ஒரு திருகும் உராய்வுத் தட்டுகளும் இருக்கின்றன. சுமை கீழே இழுக்க இழுக்கத் திருகு இறுகித் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கும், கைச்சங்கிலியை இறக்கும் பக்கம் இழுத்தால் மட்டும் கொஞ்சம் தளரும். ஏற்றும்போது கேட்கும் ‘டிக் டிக்’ பின்னோக்கிச் சுற்றவிடாத நாக்கு ஒவ்வொரு பல்லிலும் விழும் சத்தம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த லீவர் பிளாக்கில் சங்கிலிக்குப் பதில் ஒரு குட்டைக் கைப்பிடி இருக்கும். சுமை அசையாவிட்டால் அந்தக் கைப்பிடியில் ஒரு பைப்பைச் செருகி நீளமாக்கி இழுக்கும் பழக்கம் சில தளங்களில் இன்னும் உண்டு. செயின் பிளாக்கில் இரண்டு பேர் சேர்ந்து தொங்குவதும் அதே கதை. இரண்டுமே கூடாது என்று பயிற்சியில் சொல்கிறார்கள். ஒரு டன் லீவர் பிளாக்கில் கைப்பிடியின் நீளம், ஒருவர் சாதாரணமாக இழுத்தால் ஒரு டன் வருமாறு கணக்குப் பார்த்து வைத்தது. ஒருவர் கைக்கு அசையவில்லை என்றால் மறுமுனையில் இருப்பது ஒரு டன்னைவிடக் கூடுதல், இல்லாவிட்டால் எங்கோ சிக்கியிருக்கிறது. பைப்பை மாட்டி நீளத்தை இரட்டிப்பாக்கினால் கைக்கு அந்தக் கனம் பாதியாகத் தெரியும். கொக்கிக்கும் சங்கிலிக்கும் உள்ளே இருக்கும் பற்களுக்கும் அது பாதியாவதில்லை.